கராத்தே யூனிஃபார்ம்: எந்தத் துணி, எந்தத் தையல் உழைக்கும்?

கராத்தே யூனிஃபார்மில் முதலில் போவது பேன்ட்தான், அதிலும் கவட்டுப் பகுதி. மவாஷி கெரி (காலைச் சுழற்றி அடிக்கும் உதை) அடிக்கும்போதும் ஜென்குத்சு தாச்சியில் (முன்காலை மடக்கி நிற்கும் நிலை) தாழ்ந்து நிற்கும்போதும் இழுவை முழுக்க அங்கேதான் விழுகிறது. அதனால் கடையில் பேன்ட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். கவட்டில் சாய்சதுரமாக ஒரு தனித் துண்டு வைத்து, ஓரங்களில் இரட்டைத் தையல் போட்டிருக்க வேண்டும். அந்தத் துண்டு இல்லாமல் நான்கு தையலும் ஒரே இடத்தில் கூடினால், பிரிவது அங்கேதான். அடுத்துப் பார்க்க வேண்டியது மேல்சட்டையின் பக்க வெட்டு முடியும் முனை. அங்கே ஒட்டுத்துணி இல்லாவிட்டால் கிழிசல் அக்குள் நோக்கி ஏறும்.

துணியை அவுன்ஸ் கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர கெஜத் துணியின் எடை அது. 8 அவுன்ஸ் என்பது சுமார் 270 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), 12 அவுன்ஸ் சுமார் 400. புதிதாகச் சேர்பவருக்கு 8 அவுன்ஸ் பாலி காட்டன் (பாலியஸ்டர் கலந்த பருத்தி) தாராளமாகப் போதும். கட்டாவில் (தனியாகச் செய்து காட்டும் அசைவு வரிசை) குத்து முடியும்போது கைப்பகுதி 'டப்'பென்று சத்தம் போட வேண்டுமானால் 12 அவுன்ஸ் கான்வாஸ் காட்டன் வேண்டும். ஆனால் சென்னைப் புழுக்கத்தில் அது வியர்வையைக் குடித்துக் கனத்துவிடும். மழைக்காலத்தில் ஒரே இரவில் காயாது. வாரம் மூன்று வகுப்பு போகிறவர் ஒரு கனமான செட்டுக்குக் கொடுக்கும் காசில் இரண்டு லேசான செட் வாங்குவதே நல்லது. குமித்தேவுக்கும் (எதிராளியோடு மோதும் சண்டை) லேசான துணிதான் வசதி.

முழுக் காட்டன் முதல் சில சலவைகளில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். ஒரு மீட்டர் நீளப் பேன்ட்டில் அது 3–5 செ.மீ. உலக கராத்தே கூட்டமைப்பின் விதிப்படி பேன்ட் முழங்காலுக்குக் கீழே மூன்றில் இரண்டு பங்கையாவது மறைக்க வேண்டும், கணுக்கால் எலும்பைத் தாண்டக் கூடாது. கையும் காலும் மடித்துவிட அனுமதி இல்லை. ஆகவே புதிதில் கணுக்காலைத் தொடும் அளவு வாங்கினால், சுருங்கிய பின்னும் விதிக்குள் நிற்கும். பாலி காட்டன் அவ்வளவு சுருங்காது, சரியான அளவே எடுங்கள். வளரும் பிள்ளைக்கு ஒரு சைஸ் கூடுதல் போதும். இரண்டு சைஸ் கூட்டினால் மேல்சட்டை தொடை வரை தொங்கி, கால் தூக்குவதற்கே இடைஞ்சல்.

இடுப்பு எலாஸ்டிக் துணிக்கு முன்பே தளர்ந்துவிடும். நாடா மட்டும் உள்ள பேன்ட் கட்ட நேரமெடுத்தாலும் நீண்ட நாள் வரும். மேல்சட்டையின் பக்கக் கயிறுகள் பெரும்பாலும் ஒற்றைத் தையலில்தான் நிற்கும். வாங்கிய அன்றே தையல்காரரிடம் கொடுத்து இன்னொரு தையல் போட்டுவிடுங்கள்; போட்டியில் கயிறு கட்டியிருப்பது கட்டாயம்.

ஈரத்தோடு பையில் சுருட்டி வைப்பதுதான் யூனிஃபார்மைக் கெடுக்கும் பெரிய காரணம். பூஞ்சைக் கரும்புள்ளி விழுந்தால் முழுதாகப் போகாது. வகுப்பு முடிந்து வந்ததும் சோப்பு இல்லாவிட்டாலும் பச்சைத் தண்ணீரில் அலசிப் போடுங்கள். வெளுப்பதற்கு பிளீச்சிங் பவுடர் வேண்டாம். அது காட்டன் நூலை இற்றுப்போகச் செய்யும், பாலி காட்டனை மஞ்சளாக்கும். வெள்ளைக்குக் கொஞ்சம் நீலம் போட்டு வெயிலில் உலர்த்தினால் போதும். கலர் பெல்ட்டை மட்டும் கூடவே ஊறப்போடாதீர்கள்; சாயம் இறங்கினால் அந்த வெள்ளை திரும்ப வராது.