நாலடி கடல்நீர்த் தொட்டி: எந்த மீன் எதோடு ஒத்துப்போனது?

கடல்நீர் மீன் தொட்டி வைக்கலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் தேடுவது ஓர் அட்டவணையை. எந்த மீனோடு எந்த மீன் சேரும் என்று கட்டம் போட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு அடித்த படம். அதில் சிவப்புக் கட்டத்தைத் தாராளமாக நம்பலாம். பச்சைக் கட்டத்தை நம்பி மட்டும் பணத்தைப் போடாதீர்கள். மீன்களுக்குள் தகராறு வருவது பெரும்பாலும் மூன்று காரணங்களால்: ஒரே மாதிரி உருவம், ஒரே தீனி, ஒரே பொந்து. இதில் இரண்டு பொருந்திவிட்டாலே சண்டைதான். நாலாவதாக ஒன்று உண்டு, அட்டவணைக்காரர்கள் சொல்லாதது: யார் முதலில் உள்ளே வந்தது என்பது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவரை எழுப்பிப் பாருங்கள், அதேதான்.

என் தொட்டி சென்னையில், வீட்டு ஹாலில் இருக்கிறது. நாலடி நீளம், இரண்டடி அகலம், கீழே இருக்கும் சம்ப்பையும் (நீரை வடிகட்டும் துணைத் தொட்டி) சேர்த்தால் சுமார் 400 லிட்டர். உப்பு அடர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி. சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் நம் ஊரில் இது நடக்காது. அதைப் பற்றிப் பிறகு. கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர், நீரோட்டம் தரும் வேவ் மேக்கர் இரண்டு, செயற்கைப் பாறை. உள்ளே மஷ்ரூம், ஜோவாந்திட், லெதர் என்று மென் பவளங்கள் மட்டும். கல் பவளங்களும் கடல் குதிரைகளும் 1972ஆம் வருட வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. கடையில் யாராவது ரகசியமாக எடுத்துக் காட்டினாலும் தள்ளி நில்லுங்கள்.

இப்போது இருப்பவர்கள்: ஒசெல்லாரிஸ் க்ளௌன் ஒரு ஜோடி, பாங்காய் கார்டினல் ஒரு ஜோடி, ஒரு ராயல் கிராமா, மஞ்சள் வாட்ச்மேன் கோபியும் அதன் கூட்டாளி பிஸ்டல் இறாலும், ஒரு மெலனூரஸ் ராஸ், ஒரு டொமினி டேங், ஒரு க்ளீனர் இறால். மீன் கணக்கு மொத்தம் எட்டு. நாலடித் தொட்டிக்கு இது போதுமா என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். எனக்குப் போதும்.

க்ளௌனில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். இவை எல்லாமே ஆணாகத்தான் வளரத் தொடங்கும். கூட்டத்தில் பெரிதாகி அதிகாரம் பிடிப்பது பெண்ணாக மாறிவிடும். அதனால் சின்னதாக இரண்டு வாங்கி ஒன்றாக விட்டால் ஜோடி தானாகவே அமையும். ஏற்கெனவே பெண்ணாகிவிட்ட பெரிய மீன் இரண்டைச் சேர்த்தால் ஒன்று சாகும்வரை விடாது. என்னிடம் இருப்பவற்றில் பெரியது அருகில் வந்ததும் சின்னது உடம்பைச் சாய்த்துப் படபடவென்று நடுங்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் வலிப்பு என்றே நினைப்பார்கள். அது சரணாகதி, 'நீதான் பெரியவள்' என்று ஒப்புக்கொள்கிற வேலை. அந்த நடுக்கம் தெரிகிறவரை ஜோடியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கடல் அனிமோனி என்ற பூப்போன்ற உயிர் இருந்தால்தான் க்ளௌன் வாழும் என்பது உண்மை இல்லை. என் ஜோடி இடது மூலையில் லெதர் பவளத்துக்குள் குடியேறிவிட்டது. பாறையில் முட்டை வைத்த பிறகு பெண்ணுக்குக் குணமே மாறிவிடுகிறது. கண்ணாடி துடைக்கக் கையை விட்டால் விரலிடுக்கில் வந்து கடிக்கும். வலி பெரிதில்லை, ஆனால் கை தானாக வெளியே வந்துவிடும். அந்த மூலைப்பக்கம் மற்ற மீன்கள் போவதே இல்லை. ஆக 'சாதுவான மீன்' என்று பெயர் வாங்கியதுகூட முட்டையோடு இருக்கும்போது தொட்டியில் கால்வாசியைத் தனதாக்கிக்கொள்ளும். இரண்டடித் தொட்டியில் இதே ஜோடி இருந்தால் மற்ற மீன்கள் எங்கே போகும்?

வாங்கும்போது தொட்டியில் பிறந்த க்ளௌன் கிடைக்குமா என்று கேளுங்கள். மண்டபத்திலும் கேரளத்தின் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை எப்போதோ நிலைநாட்டிவிட்டது. அப்படிப் பிறந்தவை வந்த அன்றே பெல்லட் எனும் உலர் குருணைத் தீனி சாப்பிடும், நோயும் குறைவு. மரூன் க்ளௌன் வேண்டாம். பார்க்க அழகுதான், ஆனால் பெண் ரவுடி.

அடுத்து டாம்செல். தொட்டி பழகுவதற்கு முதலில் நாலு டாம்செல் விடுங்கள் சார் என்று சொல்லாத கடை சென்னையில் மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் குறைவு. விலை மலிவு, எதையும் தாங்கும். தாங்குகிற மீன் முதலில் உள்ளே போய் எல்லாப் பொந்துக்கும் சொந்தம் கொண்டாடிவிடுகிறது என்பதுதான் சிக்கல். டாமினோ டாம்செல் கடையில் ரூபாய் நாணய அளவில் கருப்பு உடம்பும் வெள்ளைப் பொட்டுமாகக் கொஞ்சச் சொல்லும். வளர்ந்தால் உள்ளங்கை நீளம், யாரையும் விட்டுவைக்காது. பிறகு பிடிக்கப் போனால் பாறையை எல்லாம் வெளியே எடுக்க வேண்டும். மீன் விடாமலே அமோனியா சுழற்சியை (கழிவு அமோனியாவை மாற்றும் பாக்டீரியா தொட்டியில் வளர்வதை) முடிக்க வழி இருக்கும்போது இந்தத் தலைவலி தேவையில்லை. மஞ்சள் வால் டாம்செல் ஒன்று மட்டும் என்றால் பரவாயில்லை, அதையும் கடைசியில் விடுங்கள். பச்சை குரோமிஸைக் கூட்டமாக வாங்கினால் கூட்டமாகவே இருக்கும் என்பதும் ஆசைதான். பலவீனமானது எதுவோ அதை மற்றவை கொத்திக் கொத்தி ஒதுக்கும், அது போனபின் அடுத்தது.

இனி நான் அதிகம் எச்சரிக்க விரும்பும் விஷயம். ராயல் கிராமா கரீபியக் கடல் மீன். முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள். இந்தோ-பசிபிக்கில் ராயல் டாட்டிபேக் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள். கிராமா விலை அதிகம், எப்போதாவதுதான் வரும். டாட்டிபேக் மலிவு, எப்போதும் இருக்கும். இரண்டையும் கடையில் ஒரே பெயரில் விற்பதைப் பார்த்திருக்கிறேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார், சைஸ்தான் வேற" என்றார் ஒருவர். ஒன்றே இல்லை. கிராமா தன் பாறை விளிம்பை மட்டும் காப்பாற்றும். பக்கத்தில் வருகிறவரிடம் வாயை அகலத் திறந்து காட்டும், அதோடு சரி. டாட்டிபேக் விரல் நீளம்தான், தொட்டி முழுவதும் துரத்தும். நண்பர் வீட்டில் ஃபயர்ஃபிஷ் இரண்டை அது ஒரு வாரத்துக்குள் தொட்டிக்கு வெளியே குதிக்கவைத்துக் கொன்றது.

வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. ஊதாவும் மஞ்சளும் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். கிராமாவில் ஒரு நிறம் இன்னொன்றுக்குள் புள்ளி புள்ளியாகக் கரையும். டாட்டிபேக்கில் கத்தியால் வெட்டியது போல நேர்கோடு. கிராமாவுக்கு முதுகுத் துடுப்பின் முன்பக்கம் கருப்புப் பொட்டும் கண் வழியாக ஒரு கோடும் இருக்கும். பாறைக்கு அடியில் தலைகீழாக நீந்திக்கொண்டிருந்தால் அது அநேகமாகக் கிராமாதான்.

தொட்டியில் பார்க்கச் சலிக்காதது எது என்று கேட்டால் கோபியும் பிஸ்டல் இறாலும் என்பேன். இறாலுக்குக் கண் பார்வை மட்டம். அது மண்ணைத் தோண்டிச் சுரங்கம் போட்டுக்கொண்டே இருக்கும். கோபி வாசலில் உட்கார்ந்து காவல் காக்கும். இறால் வெளியே வரும்போதெல்லாம் ஒரு மீசையைக் கோபியின் உடம்பில் வைத்தபடியே வரும். ராஸ் மேலே பறந்தால் கோபி வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கும், இறால் உள்ளே. இன்னும் நெருங்கினால் கோபியும் உள்ளே. தீனி விழுந்தால் கோபி கொண்டுவந்து வாசலில் போட்டதையும் கண்டிருக்கிறேன். இந்த ஜோடி யாருக்கும் போட்டியில்லை, ஏனென்றால் தரைமட்டத்துப் பொந்து வேறு யாருக்கும் வேண்டாம். ஒரே குறை, பாறையை மண்மேல் வைத்தால் சுரங்கம் சரிந்து பாறை உருளும். பாறை அடிக் கண்ணாடியில் நிற்க வேண்டும், மண்ணைப் பிறகு நிரப்ப வேண்டும்.

பாங்காய் கார்டினல் இந்தோனேசியாவில் சுலாவெசிக்குக் கிழக்கே பாங்காய் தீவுகளைச் சுற்றி மட்டும் இயற்கையாக இருக்கும் மீன். மீன் வியாபாரத்துக்காக அள்ளி அள்ளி 2007இல் அழியும் ஆபத்துப் பட்டியலுக்குப் போய்விட்டது. தொட்டியில் எளிதாகக் குஞ்சு பொரிக்கும் என்பதால் வளர்ப்பில் பிறந்ததை மட்டும் வாங்குங்கள். ஐந்தாறு சேர்த்து விட்டால் அழகாக இருக்கும் என்று தோன்றும். ஒரு ஜோடி அமைந்ததும் மற்றவற்றை அது மூலையில் ஒதுக்கிவிடும், ஆகவே ஜோடி மட்டும்தான் நிலைக்கும். முட்டையை ஆண் வாயில் வைத்துக் காக்கும். தாடை உப்பிப்போய், தீனி மூக்குக்கு நேரே மிதந்தாலும் தொடாமல், மூன்று நான்கு வாரம் அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் துரத்துகிற மீன் ஒன்று உள்ளே இருந்தால் பட்டினியில் இளைத்த அந்த ஆணால் தாங்க முடியாது. எனக்குப் புது மீன் சேர்க்கும் ஆசை வந்தாலும் அதன் தாடையைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போவது.

ராஸ்களில் ஆறு கோடு ராஸை எல்லோரும் புகழ்வார்கள், தட்டைப் புழுவைத் தின்னும் என்று. தின்னும், உண்மை. வளர்ந்ததும் புதிதாக வரும் சின்ன மீன் எதையும் சேர்க்காது. மெலனூரஸ் அதே வேலையைச் செய்கிறது, குணமும் கொஞ்சம் மேல். விளக்கு அணைவதற்கு முன்பே மண்ணுக்குள் புதைந்து தூங்கப் போய்விடும். ஐந்து சென்டிமீட்டர் மண் அதற்கு வேண்டும். வலை மூடியும் கட்டாயம், ராஸ் குதிக்கும்.

டேங் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். பவுடர் ப்ளூ நம் இந்தியப் பெருங்கடல் மீன், அதனால் கடைகளில் அடிக்கடி வருகிறது. அதைவிட அழகான மீன் எனக்குத் தெரியாது. ஆனாலும் நாலடித் தொட்டியில் அதை விடக் கூடாது: ஓடி நீந்த ஆறடியாவது வேண்டும், தன் உருவத்தில் எது இருந்தாலும் பகை, வெள்ளைப்புள்ளி நோய் முதலில் அதற்குத்தான் வரும். நீல டேங் ஓர் அடி வளரும். டொமினி அரையடிக்குள் நின்றுவிடும், கண்ணாடியிலும் பாறையிலும் படிந்த பாசியை நாள் முழுவதும் உரசித் தின்னும். எந்த டேங் ஆனாலும் வால் அடியில் கத்தி போல் முள் உண்டு. வலையில் பிடிக்காமல் டப்பாவில் பிடியுங்கள்.

அந்த டொமினியைக் கடைசியில்தான் விட்டேன். வரிசை இது: முதலில் கார்டினலும் கோபியும், பிறகு கிராமா, அப்புறம் க்ளௌன், அதன் பின் ராஸ், முடிவில் டேங். பயந்த சுபாவம் முதலில், அடாவடி கடைசியில். புதியதை நேராக விடாமல் ஓட்டை போட்ட அக்ரிலிக் பெட்டியில் வைத்து உள்ளேயே நாலைந்து நாள் தொங்கவிடுவேன். பழைய மீன்கள் வந்து மோதிப் பார்க்கும், சுற்றிச் சுற்றி வரும், பிறகு அலுத்துப்போகும். அலுத்தது தெரிந்த பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் திறக்க வேண்டும். சாப்பாட்டையும் ஒரே இடத்தில் போடுவதில்லை: டேங்குக்கு வலது ஓரத்தில் நோரி எனும் கடல்பாசித் தாள், பெல்லட் இடது பக்கம், கோபிக்கு பிப்பெட்டில் மைசிஸ் எனும் குட்டி இறால் தீனி. பாதிச் சண்டை அங்கேயே குறைந்துவிடும்.

துரத்தப்படும் மீன்தான் முதலில் நோயில் விழும். வெள்ளைப்புள்ளிக்குத் தாமிர மருந்து உண்டு, ஆனால் பவளமும் இறாலும் இருக்கும் தொட்டியில் அதை ஊற்றினால் அவை செத்துப்போகும். எல்லா மீனையும் வெளியே எடுத்து, நோய் ஒட்டுண்ணி சாகும்வரை தொட்டியை மீன் இல்லாமல் 76 நாள் விடுவது பலரும் பின்பற்றும் கணக்கு. அதற்குப் பதில் தனித்தொட்டியில் முன்கூட்டியே வைத்துப் பார்த்து விடுவது எவ்வளவோ மேல்.

மே மாதத்தில் என் வீட்டு ஹால் 34 டிகிரிக்குப் போகும். கரண்ட் போனால் சில்லரும் பம்ப்பும் சேர்ந்தே நிற்கும். சூடான உப்புநீரில் ஆக்ஸிஜன் குறைவு. பெரிய, சுறுசுறுப்பான மீன் முதலில் மேலே வந்து வாயைத் திறக்கும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று எப்போதும் சார்ஜில் இருக்கிறது. எட்டு மீனோடு நான் நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் சண்டை பாதி, மின்வெட்டு பாதி.

மற்றவை சுருக்கமாக. சிங்கமீன், களவா, ட்ரிகர், பேத்தை: வாயில் அடங்குவதைத் தின்னும், அடங்காததைக் கடிக்கும். பட்டாம்பூச்சி மீன்களில் பெரும்பாலானவை பவளத்தையே தின்பவை. எம்பரர் ஏஞ்சல் குட்டியின் நீல வெள்ளை வட்டங்களில் மயங்காதீர்கள், ஒன்றேகால் அடி வளரும். கோரல் பியூட்டி எனும் குட்டி ஏஞ்சல் ஒரு சூதாட்டம். சிலரிடம் ஒழுங்காக இருக்கிறது, சிலரிடம் ஜோவாந்திடை மொட்டையடிக்கிறது. க்ளீனர் ராஸ் கடலிலேயே இருக்கட்டும், வீட்டில் பட்டினி கிடந்து சாகும். க்ளீனர் இறால் போதும்.

மாண்டரின் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். சண்டையே போடாத மீன் அது. ஆனால் நாள் முழுக்கப் பாறையில் கோப்பிபாட் எனும் மிகச் சிறிய ஓட்டுடலியைப் பொறுக்கித் தின்று வாழ்வது. அதே தீனிதான் ராஸுக்கும். என் தொட்டியில் மெலனூரஸ் இருக்கிறவரை மாண்டரின் வராது. ராஸ் இல்லாத, வருடக்கணக்கில் பழகிய, பாறை நிறைந்த தொட்டி வைத்திருப்பவர் தாராளமாக முயலலாம். வாங்குவதற்கு முன் கடையிலேயே உறைந்த தீனி போடச் சொல்லி அது தின்கிறதா என்று பாருங்கள்.

இரண்டடித் தொட்டிக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டால், க்ளௌன் ஜோடி ஒன்று, கோபியும் பிஸ்டல் இறாலும். நாலாவதாக ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்தால் கிராமா, அதையும் க்ளௌனுக்கு முன்பே விட்டுவிடுங்கள்.