மனச்சிதைவோ என்று சந்தேகம் வந்தால் முதலில் யாரைப் பார்ப்பது?

கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த பையன் திடீரென்று போக மாட்டேன் என்கிறான். ராத்திரி முழுக்க விழித்திருக்கிறான். குளிக்கச் சொன்னால் எரிந்து விழுகிறான். எதிர்வீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ஜன்னலைச் சாத்தி வைக்கிறான். வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். கவுன்சலிங் போகலாம், நரம்பு டாக்டரைப் பார்க்கலாம், மந்திரிக்கலாம், ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் சரியாகிவிடும். கடைசி யோசனையை இப்போதே தள்ளிவிடலாம். அது இரண்டு பேர் வாழ்க்கையைக் கெடுக்கும்.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்பது இல்லாத குரல் கேட்பது, ஆதாரமில்லாத சந்தேகம் என்று எது நிஜம் என்பதே குழம்பிப்போகும் மனநோய். இது பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டுகிறது, பெண்களுக்குச் சற்றுத் தாமதமாக. ஆனால் மேலே சொன்ன மாற்றங்களைப் பார்த்ததுமே மனச்சிதைவு என்று முடிவு கட்டக் கூடாது. கடுமையான மனச்சோர்வு, கஞ்சா, தைராய்டு கோளாறு, சில வகை வலிப்பு நோய் எல்லாமே இப்படித் தெரியலாம். யாரிடம் முதலில் போகிறோம் என்பது முக்கியமாவது இதனால்தான்.

கவுன்சலரா, மனநல மருத்துவரா? பலர் கவுன்சலரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். "டாக்டர்" என்றாலே பயம், மாத்திரை என்றால் இன்னும் பயம். கவுன்சலிங் தருகிற நல்ல உளவியலாளர் இரண்டாவது சந்திப்பிலேயே நிலைமையைப் புரிந்துகொண்டு மருத்துவரிடம் அனுப்பிவிடுவார். அனுப்பாதவர் கையில் மாதக்கணக்கு போய்விடும். குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற நிலைக்கு வந்துவிட்டால் பேச்சு மட்டும் போதாது. உளவியலாளர் மருந்து எழுத முடியாது, உடல் காரணங்களைப் பரிசோதிப்பதும் அவர் வேலை இல்லை. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலம் படித்தவர், இரண்டையும் செய்வார். சந்தேக நிலையிலேயே போனால் மாத்திரை எழுதாமல், சில வாரம் கவனித்துப் பார்க்கலாம் என்று சொல்லவும் கூடும். தொடக்க அறிகுறியோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது முழு நோயாக மாறுவதில்லை. அந்தக் கட்டத்தில் மாத்திரையைவிட உளவியல் சிகிச்சைக்குத்தான் முதலிடம். என்னைக் கேட்டால் முதலில் மருத்துவர், அவர் சொல்லி உளவியலாளர். நரம்பு டாக்டர் தேவையா என்பதையும் அந்த மருத்துவரே சொல்லட்டும்.

அடுத்தது, அரசு மருத்துவமனையா, தனியாரா? மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்து இலவசம். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது, அதன் வரலாறு 1794இல் தொடங்குகிறது. அரசுப் பக்கம் உள்ள குறை கூட்டம்தான். காலையில் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்று, டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் சில நிமிடம்தான் கிடைக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: தூக்கம் எப்போது கெட்டது, படிப்பு எப்போது நின்றது, அவன் சொன்ன வாக்கியங்கள் அப்படியே, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, போதைப் பழக்கம் உண்டா. அந்தத் தாள் சில நிமிடத்தை அரைமணி நேரத்துக்குச் சமமாக்கும்.

தனியாரில் நேரம் கிடைக்கும், ஒரே டாக்டரையே ஒவ்வொரு முறையும் பார்க்கலாம். ஆனால் இது வருடக்கணக்கில் ஓடக்கூடிய சிகிச்சை. ஒவ்வொரு மாதமும் கட்டணமும் மாத்திரையும் சேர்ந்தால் நடுத்தரக் குடும்பமே திணறும், பாதியில் நிறுத்திவிடும். பாதியில் நிறுத்துவதுதான் நோய் திரும்ப முக்கியக் காரணம்.

மூன்றாவதாகச் சிறப்பு மையங்கள். சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற தொண்டு நிறுவனம் மனச்சிதைவுக்கென்றே இயங்குகிறது. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் குடும்பத்தாரும் கூடவே தங்குவார்கள், நோயைப் பற்றி அவர்களுக்கும் கற்றுத்தருவார்கள். முதல் மதிப்பீட்டுக்கோ, இரண்டு மருந்து மாற்றியும் பலனில்லை என்றாலோ இங்கே போவது மிக நல்லது. ஆனால் தென்காசியிலிருந்து மாதாமாதம் வேலூர் போக முடியுமா? பேர்போன இடத்துக்கு ஒரு முறை போவதைவிட, பக்கத்து ஊர் டாக்டரிடம் விடாமல் போவது மேல். மருந்தின் பலன் தெரியவே சில வாரமாகும். மருந்தால் எடை கூடினால், கை கால் விறைத்தால், வீட்டிலேயே மாத்திரையை நிறுத்தாமல் போய்ச் சொல்ல ஆள் அருகில் வேண்டும்.

கோயில், தர்கா? வேண்டிக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை, மனசுக்குத் தெம்பு. மருந்துக்குப் பதிலாக அங்கே விட்டுவிட்டு வருவதுதான் ஆபத்து. 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவுக்குப் பேர்போன ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள்.

அவன் வரமாட்டேன் என்றால்? "உனக்குப் பைத்தியம்" என்ற ரீதியில் பேசினால் கதவு அடைத்துவிடும். குரல் கேட்பது பொய் என்று வாதாடுவதும் வீண். "தூங்காம கஷ்டப்படுறியே, அதுக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போமா" என்று கேளுங்கள். அது பொய்யும் இல்லை. சாப்பாட்டில் மாத்திரையைக் கலக்காதீர்கள், தெரிந்துவிட்டால் நம்பிக்கை போய்விடும். அப்புறமும் மறுத்தால், அவன் இல்லாமல் நீங்களே டாக்டரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் 14416 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இலவசம், தமிழில் பேசலாம், குடும்பத்தாரும் பேசலாம். தற்கொலைப் பேச்சு, யாரையாவது தாக்கும் நிலை என்றால் இந்த ஒப்பீடு எதுவும் வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு, அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் அவசரப் பிரிவுக்கு உடனே கொண்டுபோங்கள்.