‘வறுத்த சுங்கான் புகையிலை’ வாங்குவோர் கவனத்திற்கு

வெளிநாட்டிலிருந்து வந்த வறுத்த புகையிலை என்று கூறி, திருகோணமலை நகரிலுள்ள ஒரு வியாபாரி 50 கிராம் பொட்டலமொன்றை எனக்கு 6,000 ரூபாவுக்கு விற்றார். உள்ளே இருந்தது வறுத்த புகையிலையே அல்ல. இங்கே சுங்கான் பிடிப்பவர்கள் மிகச் சிலரே என்றாலும், அவர்களும் இப்படி ஏமாற்றப்படக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வறுத்த புகையிலையை நாடுகிறவர்கள் வெறும் இனிப்புக்காக அதை நாடுவதில்லை. காற்றில் உலர்த்தப்படும் பேர்லி என்ற புகையிலை வகையின் இலையில் இயற்கைச் சர்க்கரை மிகக் குறைவு என்பதால், சர்க்கரை, அதிமதுரம், கொக்கோ போன்றவை சேர்ந்த கரைசலை அதற்கு ஊட்டி, ஊறிய பிறகு சூட்டில் வாட்டுகிறார்கள். அப்போது இலையின் காரநெடிக்குக் காரணமான அமோனியாவில் ஒரு பகுதி வெளியேறிவிட, சர்க்கரையும் இலையிலுள்ள நைதரசன் சேர்மங்களும் வினைபுரிந்து, போறணையில் பாண் சிவக்கும்போது எழுவதைப் போன்ற மணம் பிறக்கிறது. 1917 ஆம் ஆண்டில் அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் ‘இது வறுக்கப்பட்டது’ என்பதையே தன் லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டின் விளம்பர வாசகமாக்கியது என்றால், இந்த மணத்துக்கு இருந்த மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

எனக்குக் கிடைத்த பொட்டலத்தைப் பிரித்ததும் வனிலா எசன்ஸ் மூக்கில் அடித்தது. ஒரு சிட்டிகையை ஈர விரல்களால் வெள்ளைத் தாளில் தேய்த்தபோது, பாகு போன்ற பழுப்புச் சாயம் தாளில் ஒட்டிக்கொள்ள, அடியில் மஞ்சள் பாரித்த வெளிறிய இலையும் தடித்த காம்புத் துண்டுகளும் தெரிந்தன. முறையாக வறுத்த இலையில் நிறம் உள்வரை இறங்கியிருக்கும். இப்படிக் கழன்று வராது. பற்றவைத்த சற்று நேரத்தில் எசன்ஸ் வாசனை மறைந்து, நாக்கைச் சுடும் காரமே மிஞ்சியது. சுருட்டுக்கு ஒதுக்கிய கழிவு இலைக்குப் பாகு பூசியிருக்கிறார்கள் என்பதே என் முடிவு.

திருப்பிக் கொண்டுபோனபோது, “கப்பலில வந்த சாமான் ஐயா, பழகப் பழகத்தான் ருசி தெரியும்” என்றார் வியாபாரி. பணத்தையும் தரவில்லை, பற்றுச்சீட்டும் தரவில்லை. பொட்டலத்தில் தயாரிப்பாளர் பெயரோ, உற்பத்தி நாடோ, சுகாதார எச்சரிக்கையோ இல்லை. இவை இல்லாத எதையும், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், தொடாதீர்கள். இதே சரக்கை ஏற்கெனவே வாங்கியவர்கள் பொட்டலத்தை எறிந்துவிடாமல், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு செய்யுங்கள், நானும் செய்திருக்கிறேன்.