வெள்ளி ரூபாயா, முலாம் பூசியதா: எந்தச் சோதனையை நம்பலாம்?

விக்டோரியா ராணி, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட பழைய ஒரு ரூபாய்க்கு அடித்த எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம். கணக்கு தெரிந்த காசு என்பதால் சோதிப்பது எளிது. சரியான சோதனையைத் தேர்ந்தால் போதும்.

காந்தத்தில் ஒட்டினால் வெள்ளி இல்லை. ஒட்டாவிட்டால் எதுவும் முடிவாகவில்லை; முலாமுக்கு அடியில் இருக்கக்கூடிய செம்பு, பித்தளை, ஜெர்மன் சில்வர் (பெயரில் மட்டும் வெள்ளி; செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) எதுவுமே ஒட்டாது. 1947 ரூபாய் ஒட்டும். அது போலியல்ல, நிக்கலில் அடித்தது.

காசின் மேல் ஐஸ் கட்டி வைத்து வேகமாக உருகுகிறதா என்று பார்ப்பது வீண் வேலை. செம்பும் ஏறக்குறைய வெள்ளி அளவுக்கே வெப்பம் கடத்தும். சுண்டி ஓசை கேட்பதற்குப் பழகிய காது வேண்டும். விரிசல் விட்ட நல்ல காசும் மொட்டையாகத்தான் ஒலிக்கும்.

ஆசிட் சோதனையில் பலர் ஏமாறுவது ஒரே இடத்தில்: துளியைக் காசின் முகத்தில் விடுகிறார்கள். அங்கே முலாம்தான் வெள்ளி என்று பதில் சொல்லும். விளிம்பில் அரத்தால் கீறி, உள்ளே தெரியும் உலோகத்தில் நைட்ரிக் ஆசிட் விட வேண்டும். பச்சையாகப் பொங்கினால் உள்ளே செம்போ பித்தளையோ. ஆனால் கீறிய காசைச் சேகரிப்பாளர் நல்ல விலைக்கு வாங்கமாட்டார். அரிய வருடக் காசில் அரம் வைக்கவே கூடாது.

வீட்டில் செய்ய என் தேர்வு தண்ணீர் எடைதான். 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். முதலில் காசை உலர்வாக நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் கட்டிய காசை முழுக்க மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் பிடியுங்கள். உலர் எடையை இப்போது தெரியும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 11.66 கிராம் நல்ல காசுக்கு 1.13 காட்டும், அடர்த்தி 10.3. பித்தளை என்றால் 1.37 அளவில் நிற்கும், அடர்த்தி 8.5. காசு தேய்ந்து எடை குறைந்திருந்தாலும் வகுத்த விடை மாறாது. வெறும் எடையை மட்டும் பார்த்தால் இந்த வசதி இல்லை.

எண் கூடுதலாக வந்தால் காசில் ஒட்டிய காற்றுக்குமிழைப் பாருங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டால் குமிழ் ஒட்டாது. 1940 முதல் 1945 வரையிலான ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான். அதற்கு 9.5 வருவதே சரி, போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஈயம் கலந்து அடர்த்தியைச் சரிக்கட்டிய போலியைத் தண்ணீர் காட்டிக்கொடுக்காது. சந்தேகம் இருந்தால், டச் (உலோகத்தின் தரம்) பார்க்கும் கடையில், எக்ஸ்ரே விட்டு உலோகக் கலவையைக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் மிஷினில் வையுங்கள். அதுவும் மேல்தோலைத்தான் படிக்கும் என்பதால், தலை உருவத்தின் கன்னமும் தலைமுடியும் தேய்ந்த மேட்டுப் பகுதியில் ஒருமுறை, விளிம்பில் ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள்.