32 கோருக்குப் பணம் கொடுத்துவிட்டு 16 கோரில் உட்கார்ந்திருக்கிறேன்

என் மேசைக்கடியில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் ஏஎம்டி த்ரெட்ரிப்பர் 3970எக்ஸ் பிராசசர், அதாவது 32 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் மூளைகள்), 64 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகள்). இன்னொன்றில் ரைசன் 9 5950எக்ஸ், 16 கோர். பெரியதை வாங்கியபோது சின்னது கணக்கிலேயே இல்லை. பெரிய சி பிளஸ் பிளஸ் கோடை கம்பைல் செய்வது (கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது), பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் மாடலை முழுப் படமாக்கும் ரெண்டர், அவ்வப்போது திரவ சிமுலேஷன், இதுதான் என் வேலை. இதற்குக் கோர் எவ்வளவு இருந்தாலும் பத்தாது என்றுதான் அப்போது நம்பினேன்.

விலையை முதலில் பார்த்துவிடுவோம். 2019 நவம்பரில் 3970எக்ஸ் வந்தபோது அறிவித்த விலை 1,999 டாலர், அடுத்த ஆண்டு வந்த 5950எக்ஸ் 799 டாலர். ஒரு கோருக்கு வகுத்தால் 62, 50 என்று வரும், பெரிய வித்தியாசமே தெரியாது. நானும் இப்படி வகுத்துப் பார்த்துதான் ஏமாந்தேன். பிராசசர் செலவோடு கதை முடிவதில்லை. பெரியதைப் பொருத்தும் சாக்கெட்டுக்கு வரும் மதர்போர்டு சாதாரண போர்டைவிட இரண்டு மூன்று மடங்கு விலை, பவர் சப்ளையும் பெரிதாக வேண்டும், கூலரும் அப்படித்தான். ரேம் விஷயத்தில் இன்னொரு அடி. முதலில் 64 ஜிபி போட்டேன். 64 வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு கம்பைல் செய்தால், சில ஃபைல்கள் தனியாகவே ஒரு ஜிபிக்கு மேல் விழுங்கும், ரேம் நிரம்பி டிஸ்க்கில் எழுத ஆரம்பித்துவிடும், அப்புறம் மவுஸ்கூட நகராது. எனவே இன்னொரு 64 ஜிபி வாங்க வேண்டியதாயிற்று. எட்டு ஸ்லாட்டும் நிறைந்ததும் மெமரி வேகத்தைக் கொஞ்சம் இறக்கினால்தான் நிலையாக ஓடியது.

இரண்டாவது பெட்டி வந்தது ஒரு விபத்தால். பெரிய பெட்டியின் வாட்டர் கூலர் பம்ப் ஒருநாள் பேசாமல் நின்றுபோனது. வேலை கொடுக்க வேண்டிய கெடு தலைக்கு மேல். அவசரத்துக்கு என்று 5950எக்ஸ் வைத்து ஒரு பெட்டியைப் பூட்டினேன். நாலு நாள் தள்ளினால் போதும் என்றுதான் நினைப்பு. ஆனால் எடிட்டர் திறப்பது, ஒரு ஃபைலை மட்டும் மாற்றி மறுபடி பில்ட் செய்வது, பிளெண்டரில் மாடலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது எல்லாமே பெரியதைவிடச் சுறுசுறுப்பாக இருந்தது. காரணம் ரொம்ப எளிது, இந்த வேலைகளில் ஒன்றிரண்டு கோர்தான் உழைக்கும், அந்த ஒன்றிரண்டு கோர் புது வடிவமைப்பில் 4.9 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகிறது. பழையது 4.5 வரைதான். பெரிய பெட்டிக்குக் காற்றுக் கூலர் மாட்டிச் சரி செய்த பிறகும் நான் அதன் முன்னால் திரும்பிப் போய் உட்காரவில்லை.

முழு பில்ட், அதாவது எல்லா ஃபைலையும் கம்பைல் செய்வது என்றால் 32 கோர்தான் ஜெயிக்கும், சந்தேகமில்லை. ஆனால் இரட்டிப்பு வேகமெல்லாம் கிடையாது. கம்பைல் ஆன துண்டுகளைக் கடைசியில் ஒன்றாகக் கோக்கும் லிங்க் வேலையில் பெரும்பாலும் ஒரு கோர் மட்டும் ஓட, மற்றவை வேடிக்கை பார்க்கும். கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே சொன்ன கணக்குதான் இது. வேலையில் 95 சதவீதத்தைப் பகிர முடியும் என்று வைத்துக்கொண்டால், 16 கோரில் சுமார் 9 மடங்கு வேகம், 32 கோரில் பன்னிரண்டரை, 64 கோரில் 15 சொச்சம். எத்தனை கோர் போட்டாலும் 20-ஐத் தாண்டாது. 64 கோர் 3990எக்ஸ் 3,990 டாலருக்கு வந்தபோது எனக்கும் கை பரபரத்தது, நல்லவேளை விட்டுவிட்டேன். அதன் 128 த்ரெட்டுகளை விண்டோஸ் 64, 64-ஆக இரண்டு குழுவாகப் பிரித்து வைக்கும். விண்டோஸ் 10 வரை, அதற்காக எழுதப்படாத மென்பொருள் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடியது.

ரெண்டர் கோரை நன்றாகத் தின்னும் வேலை, அதில் பெரியது ஒன்றரை மடங்குக்கு மேலேயே ஓடியது. ஆனால் அதற்குள் கிராபிக்ஸ் கார்டு முந்திவிட்டது. 24 ஜிபி மெமரி உள்ள கார்டில் சீன் அடங்கினால் 32 கோரும் பக்கத்தில் நிற்க முடியாது, அடங்காத சீன்களுக்குத்தான் இப்போது பிராசசரைத் தேடுகிறேன்.

பெரிய பெட்டி உண்மையிலேயே காசுக்கு வேலை செய்தது நான் எதிர்பார்க்காத இடத்தில், சிமுலேஷனில். அங்கே கோரைவிட மெமரிக்கும் பிராசசருக்கும் நடுவில் உள்ள பாதை முக்கியம். அந்தப் பாதைகளுக்குச் சேனல் என்று பெயர். டிடிஆர்4-3200 ரேம் என்றால் இரண்டு சேனலுக்கு நொடிக்கு 51 ஜிபி, நான்கு சேனலுக்கு 102. இரண்டு சேனல் உள்ள 5950எக்ஸில் எட்டுப் பத்துக் கோருக்கு மேல் எவ்வளவு சேர்த்தாலும் நேரம் அசையவே இல்லை. பெரிய பெட்டியின் நான்கு சேனலில் அசைந்தது. கார்டு, எஸ்எஸ்டி என்று நிறைய சொருகுகிறவர்களுக்கு அவற்றுக்கான 64 பிசிஐஇ லேனும் (இணைப்புப் பாதை) ஒரு காரணம், எனக்கு அது தேவைப்படவில்லை.

இன்னொரு தப்புக் கணக்கும் போட்டேன். இந்த போர்டிலேயே அடுத்த தலைமுறை பிராசசரை மாட்டிக்கொள்ளலாம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஆனால் அதன் எஸ்டிஆர்எக்ஸ்4 சாக்கெட் 3000 வரிசையோடு முடிந்துபோனது. 2023-இல் வந்த அடுத்த 32 கோர் த்ரெட்ரிப்பர் 7970எக்ஸுக்கு விலை 2,499 டாலர், போர்டும் புதிது, ரேமும் சர்வர் வகையான ரெஜிஸ்டர்டு டிடிஆர்5 மட்டும்தான். அதற்கு முந்தைய ஆண்டே 699 டாலரில் வந்த 16 கோர் 7950எக்ஸ், ரெண்டரில் என் 32 கோரை எட்டிப் பிடிக்கும் தூரத்துக்கு வந்திருந்தது. (ஆப்பிள் 2019 மேக் புரோவை 8 கோரிலிருந்து 28 கோருக்கு ஏற்றிக்கொள்ளவே தனியாக 7,000 டாலர் கேட்டது, அடியில் சக்கரம் வேண்டுமென்றால் இன்னொரு 400. அதைப் பார்த்தால் என் செலவு கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருக்கிறது.)

இப்போது பெரிய பெட்டியில் மானிட்டர்கூட இல்லை. 280 வாட் பிராசசர் முழு மூச்சில் எட்டு மணி நேரம் ஓடினால் அது மட்டுமே 2.24 யூனிட், அறையும் சுடும். அதனால் போர்டின் பயாஸ் அமைப்பில் 200 வாட்டுக்குக் கட்டிப்போட்டுவிட்டேன், வேகம் கொஞ்சம்தான் குறைந்தது, ஃபேன் சத்தம் நன்றாகவே குறைந்தது. பகலில் 5950எக்ஸில் வேலை, ராத்திரி சிமுலேஷனை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விடுவேன். அடுத்து வாங்குவதென்றால் 16 கோர்தான், மிச்சப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்கு. பழைய பெட்டியை மட்டும் விற்க மனசு வரவில்லை, அந்த நான்கு சேனலுக்கு இன்னும் என்னிடம் மாற்று இல்லை.