ஒரு வாய்க்கு அளந்த பக்கெட்: திரிபோஷாவோடு ஒன்பது வருடம்

2016இல் மூத்தவள் வயிற்றில் இருந்தபோது கிளினிக்கில் முதல் இரண்டு திரிபோஷாப் பக்கெட்டைத் தந்தார்கள். கர்ப்பிணிகளுக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் இலங்கை அரசு இலவசமாகத் தரும் சத்துமா அது. வருகிற தையில் இளையவனுக்கு ஐந்து வயது. இடையில் விட்டுவிட்டு வந்தாலும், ஒன்பது வருடமாக எங்கள் அடுப்படியில் திரிபோஷா இருக்கிறது. நாங்கள் திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம். என் கணவர் கடலுக்குப் போகிறவர்.

முதலில் சுவை. பக்கெட்டை வெட்டியதும் வறுத்த சோள வாசம் வரும். அதற்குப் பின்னால் சோயா நெடி லேசாக எட்டிப் பார்க்கும். மசக்கையில் அந்த நெடி எனக்கு ஆகவே இல்லை. சுடுதண்ணீரை அப்படியே ஊற்றினால் கட்டி கட்டியாகிவிடும், மேலே வழுவழுப்பு, உள்ளே காய்ந்த மா. ஆறின தண்ணீரில் குழைத்துவிட்டு, அப்புறம் சூடானதைச் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே வெந்த மா என்பதால் அவிக்கத் தேவையில்லை. கடைசியில் எங்கள் வீட்டில் நிலைத்தது மாமியின் முறைதான்: தேங்காய்ப்பூ, சீனி, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் வெந்நீர், உள்ளங்கையில் அழுத்தி உருண்டை. மாமியின் விரல் தடம் அதில் அப்படியே இருக்கும். மூத்தவள் அந்தத் தடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கடிப்பாள்.

பக்கெட்டை மடித்து ரப்பர் பாண்ட் போட்டு வைத்தேன், மூன்றாம் நாள் எறும்பு. அது என் பிழை. அன்றிலிருந்து பால்மா வந்த பழைய தகர டின்தான்.

சோளம், சோயா, பால்மா, விட்டமின்கள், கனிமங்கள், இவ்வளவுதான் உள்ளே. 1973இல் தொடங்கிய திட்டம். எங்கள் பக்கத்துச் சீனன்குடாவில் அவ்வளவு பெரிய மா ஆலை இருக்கிறது, ஆனால் எங்கள் பிள்ளைகளின் சத்துமா கொழும்புப் பக்கத்து ஜா-எலவிலிருந்து வருகிறது. சும்மா ஒரு யோசனை.

இனி என் மனதில் கிடக்கும் கணக்கு. ஆளுக்கு மாதம் இரண்டு பக்கெட், ஒன்று 750 கிராம். ஒன்றரைக் கிலோவை முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 50 கிராம். ஒரு கர்ப்பிணிக்கோ நிறை குறைந்த பிள்ளைக்கோ அது நல்ல அளவு. ஆனால் வீட்டில் நாங்கள் ஐந்து பேர். கார்த்திகை, மார்கழியில் வாடைக் கடல் பொங்கும்போது அவர் கரையில்தான் இருப்பார். அந்த நாட்களில் டின்னைத் திறந்து ஒரு பிள்ளைக்கு மட்டும் உருண்டை பிடிக்க யாருக்குக் கை வரும்? ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்குப் பத்துக் கிராம். என் கர்ப்ப காலத்திலும் இதேதான் நடந்தது.

கிளினிக்கில் தராசு கொக்கியில் தொங்கும் துணிப்பையில் இளையவனை இருத்துவோம், அரைஞாணைக்கூடக் கழற்றிவிட்டு. அவன் நிறைப் புள்ளி கார்டில், நிறை குறைவைக் காட்டும் செம்மஞ்சளுக்குள் இறங்கிய மாதம், மிட்வைஃப் மிஸ் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இந்தப் பக்கெட்டை வீட்டில ஆர் ஆர் சாப்பிடுறது?" நான் பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை, ஆனால் ஏசவும் இல்லை. "அவனுக்கு வேற டின் வையுங்கோ பிள்ளை" என்றார். மாவைவிட அந்தத் தராசும் அந்தக் கேள்வியும்தான் எனக்கு உதவின என்று இப்போது நினைக்கிறேன். பக்கெட் தராவிட்டால் மாதாமாதம் நாங்கள் போயிருப்போமா என்பது வேறு கதை.

2022 மோசம். உர இறக்குமதித் தடையால் சோள விளைச்சலும் விழுந்திருந்தது. எங்கள் கிளினிக்குக்கு மாதக்கணக்கில் பக்கெட் வரவில்லை. அந்தப் புரட்டாதியில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். திரிபோஷாவில் அஃப்ளாடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு கூடுதலாக இருக்கிறது என்ற குற்றச்சாட்டும் அதே நேரம் செய்திகளில் வந்தது. டின்னின் அடியில் மிச்சம் கிடந்ததைக் கொட்டுவதா கொடுப்பதா என்று ஒரு இரவு முழுக்க நானும் மாமியும் வாக்குவாதம். கொடுத்தோம். பிறகு சிவப்பரிசியும் கொஞ்சம் குரக்கனும் வறுத்து மில்லில் அரைத்தோம். பயறு வாங்கக் காசு இல்லை. இளையவனின் புள்ளி இறங்கத் தொடங்கியது அப்போதுதான்.

மூத்தவள் வயிற்றில் இருந்தபோது கர்ப்பிணிகளுக்கான போஷாக்கு வவுச்சரும் எனக்குக் கிடைத்தது: மாதம் 2,000 ரூபா, பத்து மாதம். நல்ல திட்டம். ஆனால் நான் போன கடையில் முன்கூட்டியே கட்டி வைத்த பொதியைத்தான் தந்தார்கள். எனக்கு முட்டையும் நெத்தலியும் வேண்டும் என்றால் "இதுதான் அக்கா, எடுக்கிறதென்றால் எடுங்கோ". பருப்பில் வண்டு.

பள்ளிக்கூடச் சாப்பாடு பற்றிப் பெரிதாகக் குறை இல்லை. 2024 பங்குனியிலிருந்து ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லாருக்கும் என்று ஆக்கினார்கள், ஒரு சாப்பாட்டுக்கு 110 ரூபா. முன்பு சில பள்ளிக்கூடங்களுக்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை. சமைக்கிற தாய்மார் அந்தக் காசுக்குள் முட்டை வைக்கப் படுகிற பாட்டை அருகில் இருந்து பார்க்கிறேன். ஆனால் அங்கே தட்டு பிள்ளையின் முன்னால் வைக்கப்படுகிறது, அங்கேயே காலியாகிறது. வீட்டுக்கு வந்தால்தானே ஐந்தாகப் பிரியும்! மூத்தவள் ஒருநாள் பாதி முட்டையைத் தாளில் சுற்றித் தம்பிக்குக் கொண்டுவந்தாள், அது தவிர.

இளையவன் இப்போது பச்சைக் கோட்டை எட்டிப் பிடித்துவிட்டான். வேறு டின், மூடியில் மார்க்கர் பேனாவால் அவன் பெயர். ஐந்து வயதாகப் போவதால் மார்கழி கிளினிக்தான் அவனுக்குக் கடைசி. அந்த டின் தனக்குச் சீனி போட வேண்டும் என்று மாமி இப்பவே சொல்லி வைத்திருக்கிறா.