விடுகதையா, ஆற்றைக் கடக்கும் புதிரா?

கும்பகோணம் பக்கம் கரண்ட் போன சாயங்காலத்துக்கு இரண்டுமே நல்ல துணை, ஆனால் என் ஓட்டு புதிருக்குத்தான். "ஆயிரம் தச்சர் கூடிக் கட்டிய மண்டபம், ஒருவன் கண்பட்டு உடைந்தது" என்றால் தேன்கூடு என்று சட்டென மின்ன வேண்டும், மின்னாவிட்டால் பாட்டியிடம்தான் கேட்க வேண்டும்.

புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒவ்வொன்றாகப் படகில் ஏற்றிக் கொள்ளிடத்தைக் கடக்கச் சொன்னால் (ஐரோப்பாவில் 9-ஆம் நூற்றாண்டு ஏட்டிலேயே ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் என்று இருக்கிறது) யாரும் மணலில் கோடு போட்டே கண்டுபிடிக்கலாம். ஆள் இல்லாமல் விட்டால் புலி ஆட்டையும், ஆடு புல்லையும் தின்றுவிடும்; அதனால் முதலில் ஆடு, அப்புறம் புலி. இங்கேதான் எல்லாரும் திணறுவார்கள், ஏனென்றால் அக்கரை சேர்த்த ஆட்டைத் திரும்ப ஏற்றி வர மனசு வராது. அதை இக்கரையில் இறக்கிவிட்டுப் புல்லைக் கொண்டுபோய், கடைசியில் ஆட்டை அழைத்துப் போனால் போக, வர எல்லாம் சேர்த்து மொத்தம் 7 நடை. சின்னக் குழந்தைகள் இருந்தால் மட்டும் விடுகதையே போடுங்கள்.